ஓய்வு அட்டை

ஒன்பதாயிரம் லிட்டர் பால் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போவதற்கு யாரோ ஒரு பலகையைக் குறுக்கே போட்டிருந்தார்கள். சூப்பரண்டு அந்தப் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த ஷூவோடு பாலில் நேராக இறங்கி நடந்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பலகையில் தள்ளாடி வருவதெல்லாம் சர்க்கஸ்காரர்கள் வேலை. ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷமாகியும் அந்தப் பால் பண்ணையின் வாசலில் அவருக்கு ஒரு நடை இருந்தது. விடிந்தும் விடியாமலும் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டம் பழக்கதோஷத்தில் விலகி வழிவிட்டது.

டேங்கர் லாரி காவலாளியின் கூண்டுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. கூண்டில் மிஞ்சியது நாற்காலியின் இரண்டு கால்கள் மட்டும்தான். காவலாளி ஒதுங்கப் போயிருந்ததால் தப்பித்தான். அந்தப் பெருமையை அவன் வருகிறவர்களிடமெல்லாம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். "மூத்திரம் வந்துச்சு சார், உசுரு நின்னுச்சு!" என்று இவரிடமும் ஆரம்பித்தான். சூப்பரண்டு அவனை ஒரு பார்வை பார்த்தார். பணி நேரத்தில் கூண்டை விட்டுப் போனவன் என்று பழைய நாளாக இருந்தால் அப்போதே குறித்துக்கொண்டிருப்பார்.

மகன் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தான். நாற்பதை நெருங்கும் ஆள். நெற்றியில் சின்னக் கீறல். காயத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்து அவன் மூச்சை முகர்ந்தார். குடித்த வாடை இல்லை. ஆச்சரியம், அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. குடி என்றால் ஒரு காரணம். குடிக்கிறவனைத் திருத்தலாம், நாலு பேர் முன்னால் சத்தியம் வாங்கலாம், பெரிய வீடுகளிலும் அது நடக்கிறதுதான்.

"என்னடா ஆச்சு?"

"தெரியலப்பா. கேட்டைப் பார்த்தேன். அப்புறம் பால் ஊத்துற சத்தம் கேட்டுச்சு."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்லப்பா."

நடுவில் ஒன்றும் இல்லையாம். தூங்கிவிட்டான் என்று சொல்வதற்குக்கூட இந்தத் தலைமுறைக்குத் தெம்பில்லை என்று சூப்பரண்டு நினைத்தார். களைப்பு! அந்தச் சொல்லையே அவர் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. அவருடைய அப்பா நாற்பத்திரண்டு வருஷம் ஆலையில் நின்றவர். கடைசி நாளன்றுகூட நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடிதான் போனார், படுத்துப் போகவில்லை. சூரியன் மேலே இருக்கும்போது அந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளை எவனும் படுக்கையில் கிடந்ததில்லை. காய்ச்சல் வந்தாலும் சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்துதான் காய்வார்கள். தெருவில் எத்தனையோ வீடுகள் வசதியில் முந்திவிட்டன. இந்த ஒரு விஷயத்தில் முந்த முடியவில்லை.

மகனுக்கு இரவு ஓட்டம். ஒன்பது மணிக்கு லாரியை எடுத்தால் பதினாலு ஊர்களில் பால் பிடித்துக்கொண்டு ஆறு மணிக்குப் பண்ணைக்குத் திரும்புவான். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குப் படுப்பான். ஒன்பதரைக்கு சூப்பரண்டு கதவை இரண்டு தட்டு தட்டுவார். மூன்றாவது தட்டுக்கு அவசியம் இருந்ததில்லை. அதன்பிறகு அவன் தலை வாரி, சட்டை போட்டு, பத்திரிகையோடு முன்னறையில் உட்கார வேண்டும். யாராவது வந்தால் எழுந்து நின்று பேச வேண்டும். மூன்று மாதமாக இதோடு ஒரு வேலையும் சேர்ந்திருந்தது. பின்பக்கத்து மதில் மழையில் சரிந்து விழுந்தது. கொத்தனாரை வைப்பதா, வீட்டில் ஓர் ஆண்பிள்ளை இருக்கும்போது? மகன்தான் செங்கல் சுமந்தான், கலவை குழைத்தான், வரிசை வைத்தான். சூப்பரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து நூல் பிடித்துப் பார்த்தார். மதில் நேராகத்தான் வந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் அவன் கிளம்பும்போது ஓய்வு அட்டையை நீட்டுவான். பச்சை நிறத்தில் கெட்டி அட்டை. படுத்த நேரம், எழுந்த நேரம், மொத்தம், வீட்டுப் பெரியவர் கையொப்பம். இந்த அட்டையைக் கேட்டில் கொடுத்தால்தான் டிரைவருக்கு வண்டிச் சாவி. போக்குவரத்துப் பிரிவில் சூப்பரண்டாக இருந்த காலத்தில் இந்த அட்டையைக் கொண்டுவந்தவரே அவர்தான். பதினாலு விதிகள் எழுதினார். டிரைவர் தானே எழுதினால் புளுகுவான், வீட்டுப் பெரியவரைக் கையெழுத்துப் போடவைத்தால் குடும்ப மானத்துக்குப் பயந்தாவது உண்மை வரும் என்று மேலிடத்தில் வாதாடினார். பொய்க் கையெழுத்துப் போட்டால் டிரைவருக்குத் தண்டனை கிடையாது. போட்டவர் பெயர் கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள கரும்பலகையில் ஒரு மாதம் நிற்கும். ஒரு முறை ஒரு டிரைவரின் மாமியார் பெயரை அவரே சுண்ணாம்புக்கட்டியால் எழுதினார். எழுத்து அழகாக இருந்தது என்று அந்த அம்மாளைத் தவிர எல்லாரும் சொன்னார்கள்.

மகனின் அட்டையில் அவர் தினமும் எழுதியது எட்டு. ஏழு மணிக்குப் படுக்கை, மூன்று மணிக்கு எழுச்சி, மொத்தம் எட்டு. அதை எழுதும்போது பொய் எழுதுகிறோம் என்று அவர் ஒரு நாளும் நினைக்கவில்லை. பண்ணையில் எட்டு என்பது விதி. அந்த விதியை எழுதியவரின் வீட்டில் எட்டுக்குக் குறைவாக எப்படி இருக்கும்? தவிர, சொந்த வீட்டில், அப்பாவின் நிழலில், வேளைக்குச் சோறு போட்டு வைத்திருக்கிற இடத்தில் இருப்பதே ஓய்வுதானே? இதற்குமேல் ஒருவனைத் தாலாட்டவா முடியும்?

விபத்தன்றே பண்ணையின் வைத்திய அறையில் மகனிடம் ரத்தம் எடுத்தார்கள். அடுத்த இரண்டு நாளும் காலையிலும் இரவிலும் வரச்சொல்லி மறுபடி மறுபடி எடுத்தார்கள். நாலாம் நாள் டாக்டர் அவனைக் கூப்பிட்டபோது சூப்பரண்டும் கூடப் போனார். டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள், காலில் விளையாட்டு ஷூ. இவளிடம் கால்நடையைக்கூடக் காட்ட மாட்டேன் என்று நினைத்தபடி சூப்பரண்டு நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடி இல்லங்க ஐயா. மாத்திரை மருந்து எதுவும் இல்ல. அது சுத்தமா இருக்கு."

"தெரியும்."

"ஆனா ரத்தம் நல்லா இல்ல."

"எங்க குடும்பத்து ரத்தத்தைப் பத்தி இதுவரைக்கும் எவனும் அப்படிச் சொன்னதில்ல."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் காகிதங்களை அவர் பக்கம் திருப்பி வைத்து, பென்சிலை உருவி ஒவ்வொரு வரியாகத் தொட்டாள்.

"தூங்கி எழுந்து வேலையைப் பார்க்கறதுக்கு உடம்பே ஒண்ணு சுரக்கும். கார்டிசால்னு பேரு. எழுந்திருக்கற நேரத்துல ஏறணும், படுக்கற நேரத்துல அடங்கணும். இவருக்கு ஏறவும் இல்ல, அடங்கவும் இல்ல, ஒரே மட்டத்துல நிக்குது. ராத்திரி வேலைக்காரங்களுக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். அதையும் சேர்த்துப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். இது சர்க்கரை. வெறும் வயித்துல எடுத்தது. தூக்கம் கெட்டா இன்சுலின் சொல்ற பேச்சை உடம்பு கேக்காது, சர்க்கரை ரத்தத்துலயே சுத்திட்டு இருக்கும். இது தசை. தசைக்குள்ள இருக்க வேண்டிய ஒரு நொதி வெளிய கசிஞ்சிருக்கு. ஸ்டியரிங் பிடிச்சா இவ்வளவு கசியாது." அவள் மகன் பக்கம் திரும்பினாள். "பகல்ல ஏதாவது பாரம் தூக்கறீங்களா?"

மகன் அப்பாவைப் பார்க்கவில்லை. "இல்லங்க."

சூப்பரண்டு சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை எழுத்துகளைப் படித்தார். கடைசி வரிவரை தெரிந்தது. இந்த வயதில் யாருக்குத் தெரியும்?

"எல்லாத்துக்கும் மேல மூளை," என்றாள் டாக்டர். "முழிச்சிருக்கற ஒவ்வொரு மணி நேரமும் மூளை வேலை செஞ்ச மிச்சமா அடினோசின்னு ஒண்ணு சேர்ந்துட்டே போகும். உடம்பு வேலையானாலும் சரி, மனசு விறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாலும் சரி. தூங்கினாத்தான் அது கரையும்."

"டீ குடிச்சா?" என்றான் மகன். வந்ததிலிருந்து அவன் தானாகக் கேட்டது அது ஒன்றுதான். ஓட்டத்தில் அவன் ஏழு டீ குடிப்பான்.

"டீ அதை விரட்டாது. அது உட்கார வேண்டிய நாற்காலியில டீ போய் உட்கார்ந்துக்கும், அவ்வளவுதான். டீ எழுந்து போனதும் வாசல்ல காத்துட்டு இருந்த கூட்டம் மொத்தமா உள்ள நுழையும். கேட்டைப் பார்த்தீங்க, அப்புறம் பால் சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னீங்கல்ல? நடுவுல மூளை ஒரு அஞ்சாறு செகண்டு கடையைச் சாத்திடுச்சு. உங்களைக் கேட்டுட்டுச் சாத்தாது."

சூப்பரண்டுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. நாற்காலியாம், கூட்டமாம், கடையாம். ஒருவன் சோம்பேறி என்பதைச் சொல்ல இத்தனை ஜோடனையா? "அம்மா, அந்தச் சாமானை நீங்க கண்ணால பார்த்தீங்களா? மூளைக்குள்ள சேருதுன்னு சொன்னீங்களே?"

"இல்லங்க ஐயா. ரத்தம் எடுத்து அதைப் பார்க்க முடியாது."

"அப்போ பார்க்காததை எழுதப்போறீங்க."

"பார்த்ததை மட்டும்தான் எழுதுவேன். களைப்புக்குன்னு தனியா ஒரு டெஸ்ட் கிடையாது. ஆனா மூணு சாட்சி சேர்ந்து ஒரே கதையைச் சொல்லுது. இவர் பல மாசமா தூங்கலன்னு சொல்லுது." மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பச்சை அட்டையை எடுத்து ரத்தக் காகிதங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். "நாலாவது சாட்சி மட்டும் மாத்திச் சொல்லுது. எட்டு மணி நேரம்னு. யார் கையெழுத்துங்க இது?"

"எங்க வீட்டுப் பெரியவர் போட்டதுங்க," என்றான் மகன், ஏதோ பெரியவர் அங்கே இல்லாததுபோல.

வெளியே வந்ததும் சூப்பரண்டு சொன்னார்: "பென்சிலைக் கொண்டையில சொருகறவ கிட்ட எல்லாம் வைத்தியம் பார்த்தா இப்படித்தான்." மகன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரியாமல் ஆட்டுகிற தலை. அதைப் பார்க்கவே அவருக்குக் கை அரித்தது.

அன்று பிற்பகல் மருமகள் தையல் மெஷினில் இருந்தாள். பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. பேசினால் மிதிப்பதை நிறுத்தமாட்டாள், மெஷின் சத்தத்துக்கு மேல்தான் பேசுவாள். அதனால் அவள் மிதிப்பதை நிறுத்தியபோது சூப்பரண்டு பத்திரிகையைத் தாழ்த்தினார்.

"மாமா, விசாரணையில அந்த அட்டையைத்தான் கேப்பாங்களாம். எட்டு மணி நேரம் தூங்கினவர் வண்டியை மோதினார்னா அது அலட்சியம். வேலை போயிடும். ஓட்டுற லைசன்ஸும் போயிடும்."

"அலட்சியம்தானே? இல்லேன்னா என்ன? நாங்கெல்லாம் வேலை பார்க்கலையா?"

"நீங்க ராத்திரி வண்டி ஓட்டியிருக்கீங்களா மாமா?"

அவர் ஓட்டியதில்லை. பகல் வண்டி ஆறு வருஷம், அப்புறம் மேசை.

"போன மாசம் வீட்டுச் சாவியை மாவு டப்பாவுல போட்டுட்டு ரெண்டு நாள் தேடினார். சிரிச்சேன். என்னை உங்க பொண்ணு பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதுக்கும் சிரிச்சேன். அன்னிக்குச் செங்கல்லைத் தோள்ல வெச்சுக்கிட்டே நின்னு தூங்கினார். அப்போ சிரிக்க முடியல. நீங்க கதவைத் தட்டுறப்போ அவர் எழுந்திருக்கறார்னா நினைக்கிறீங்க? அவர் உடம்பு எழுந்திருக்கும். சட்டை போட்டுக்கிட்டு முன்னறைக்கு வந்து உட்காரும். அவர் அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வருவார்."

"பகல்ல ஆம்பளை படுத்துக் கிடந்தா தெருவுல என்ன பேசுவாங்க தெரியுமா?"

"நைட் டூட்டி பார்த்துட்டுத் தூங்கறார்னு பேசுவாங்க," என்றாள் அவள். "இல்ல, அவர் குடிச்சிருந்தார்னே சொல்லிடுங்க மாமா. உங்களுக்கு அது சுலபமா இருக்கும்."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. வாயாடி என்று பெண் பார்க்கும்போதே அவருக்குத் தெரியும். தையல் தெரியும் என்று சொன்னதால் விட்டுவிட்டார். பத்திரிகையை உயர்த்தினார். எதிர் நாற்காலியில் மகன் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் ஒரு பக்கம் திருப்பினார். மகனின் கண் திறந்தேதான் இருந்தது. ஒரு ஈ அவன் இமையோரத்தில் உட்கார்ந்து, நடந்து, மறுபடி உட்கார்ந்தது. அவன் அதை விரட்டவில்லை. சூப்பரண்டு பத்திரிகையை மடித்து வேகமாக வீசினார். ஈ போய்விட்டது. மகன் திடுக்கிட்டு எழுந்து நின்று, "வாங்க, உட்காருங்க," என்றான், வராத விருந்தாளியிடம்.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு விசாரணை. மேலாளரின் அறை முன்பு சூப்பரண்டின் அறையாக இருந்ததுதான். ஜன்னலில் புதிதாகத் திரை போட்டிருந்தார்கள். மேலாளரை விசில் என்றுதான் சூப்பரண்டு இன்னும் மனதுக்குள் அழைப்பார். ஷிப்ட் மாறும்போது விசில் ஊதுகிற டைம்கீப்பராக அவருக்குக் கீழே இருந்தவன். முதுகெலும்பு என்ற உறுப்பே இல்லாமல் பிறந்தவன். அதனாலேயே எல்லா ஓட்டைக்குள்ளும் புகுந்து இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

"சார் வாங்க, சார் உட்காருங்க," என்று விசில் எழுந்து நின்றான். மேசையில் மூன்று மாதத்துப் பச்சை அட்டைகள் கட்டாக இருந்தன. ஓர் ஓரத்தில் டாக்டர் தன் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தாள். மகன் நின்றான்.

"சின்ன விஷயம்தான் சார்," என்று விசில் ஆரம்பித்தான். "டாக்டரம்மா ஒரு ரிப்போர்ட் குடுத்திருக்காங்க. இவருக்கு ஓய்வே இல்லன்னு அதுல இருக்கு. நம்மகிட்ட அட்டை இருக்கு. தொண்ணூறு அட்டை, தொண்ணூறு நாளும் எட்டு மணி நேரம். கையெழுத்து யாரோடது? இந்தப் பண்ணையிலேயே பொய் எழுதாத ஒரே கை சாரோட கை. நான் சாருக்குக் கீழ வேலை பார்த்தவன், எனக்குத் தெரியாதா? மெஷின் தப்பு பண்ணும், ரத்தம்கூடத் தப்பு பண்ணும், சார் கையெழுத்து தப்பு பண்ணாது." இந்த இடத்தில் அவன் அட்டைக் கட்டை லேசாகத் தட்டிக்கொடுத்தான். "அதனால ஓய்வு இருந்திருக்கு. ஓய்வு இருந்தும் வண்டி கூண்டுக்குள்ள போயிருக்கு. அப்போ முடிவு என்னன்னு எனக்குச் சொல்லவே கஷ்டமா இருக்கு சார்."

சூப்பரண்டு இந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈரக்கையால் முகத்தைத் தடவிவிட்டதுபோல இருந்தது.

விசில் மகன் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க. முறைக்காகக் கேக்கறேன். அப்பா எழுதியிருக்கறது சரிதானா?"

டாக்டர் பென்சிலைக் கையில் எடுத்தாள். ஒரு வார்த்தை போதும் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். மகனுக்கும் தெரியும். அவன் ஒரு கையால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"சரிதான் சார். எட்டு மணி நேரம் தூங்கினேன். அப்பா எழுதினதுல ஒரு தப்பும் இல்ல."

சூப்பரண்டு அவனைப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு முதன்முறையாக முழுசாகப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே சாம்பல் பூசினதுபோலக் கருமை, கைவிரல்களில் கலவை அரித்த வெடிப்பு. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. இந்தக் குரலில்தான் வைத்திய அறையில் 'இல்லங்க' என்றான். இந்தக் குரலை அவனுக்கு யார் கொடுத்தது என்று அவருக்குத் தெரியும். ஆனால் இவன் யார் தனக்கு முட்டுக் கொடுக்க? எழுபத்திரண்டு வருஷம் தன் காலில் நின்றவருடைய மானம் இன்றைக்கு இந்தத் தூங்குமூஞ்சியின் பொய்மேல் ஏறி நிற்பதா? பரிதாபப்படுகிறான். பெற்ற பிள்ளை, அப்பாவைப் பார்த்துப் பரிதாபப்படுகிறான்!

"பொய்," என்றார்.

"சார்?"

"பொய் சொல்றான். எட்டு இல்ல. ரெண்டரை. ஞாயித்துக்கிழமை மூணு."

விசில் வருத்தமாகப் புன்னகைத்தான். "சார், புரியுது. பெத்த பாசம். வேலை போகப்போகுதுன்னு தெரிஞ்சதும்—"

"பாசமா? யாருக்குடா பாசம்?" சூப்பரண்டின் உள்ளங்கை மேசையில் இறங்கியது. "ஒன்பதரைக்கு நான்தான் கதவைத் தட்டுவேன். ரெண்டு தட்டு. வெயில்ல எவனும் படுக்கக் கூடாதுன்னு என் வீட்டுல சட்டம். சட்டை போட்டுக்கிட்டு உட்காரச் சொல்லுவேன், உட்காருவான். மதில் கட்டச் சொன்னேன், கட்டினான். ரெண்டாயிரத்து நானூறு செங்கல். எண்ணினவன் நான். அம்மா, தசையில இருந்து ஏதோ கசியுதுன்னு சொன்னீங்களே, எழுதிக்கோங்க. செங்கல்."

டாக்டர் எழுதினாள். மகன், "அப்பா, விடுங்கப்பா," என்றான்.

"நீ வெளிய போய் உட்காரு. உன்னை யாரும் கூப்பிடல."

மகன் போனான். கதவு மூடியதும் விசில் குரலைத் தாழ்த்தினான். "சரி சார், ஒரு கடிதம் எழுதிக் குடுத்துடுங்க. ஞாபகப் பிசகுன்னு போட்டா போதும். நான் பார்த்துக்கறேன்."

ஞாபகப் பிசகாம். இவனுக்கு மேலே ஏறத் தெரிந்ததே தவிர, ஒரு காகிதத்தை மதிக்கத் தெரியவில்லை. "விதி பதினொண்ணு என்ன சொல்லுது?"

விசில் விழித்தான். அவனுக்குத் தெரியவில்லை.

"அட்டையில திருத்தம் இருந்தா அந்தந்த அட்டையிலயே அடிச்சுத் திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போடணும். கடிதம் செல்லாது. பேனா குடு."

"தொண்ணூறு அட்டை சார்!"

"எனக்கு எண்ணத் தெரியும். பொய்க் கையெழுத்துக்கு என்ன?"

"போர்டுல… அதெல்லாம் உங்களுக்கு வேண்டாம் சார். பழைய விதி. இப்போ யாரும்—"

"எழுதினவன் உயிரோட இருக்கான். போர்டுல போடு. முழுப்பேரு, இனிஷியலோட. என்ன பதவியில இருந்தேன்னும் போடு. எழுத்து கோணலா இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

கட்டைப் பிரித்தார். எட்டின்மேல் ஒரு நேர்க்கோடு, பக்கத்தில் இரண்டரை, ஞாயிறானால் மூன்று, அதற்குக் கீழே கையெழுத்து. பத்தாவது அட்டைவரை கோடு அளவுகோல் வைத்துப் போட்டதுபோல இருந்தது. முப்பதாவது அட்டையில் கட்டைவிரலின் அடியில் ஏதோ சுருக்கென்றது. அவர் அதற்கு மரியாதை கொடுக்கவில்லை. டாக்டர், "கொஞ்சம் நிறுத்தி எழுதுங்களேன் ஐயா," என்றாள். "எனக்கென்ன களைப்பு?" என்றார். ஐம்பதைத் தாண்டியபோது முன்கை முழுக்கச் சூடு பரவி, விரல்கள் பேனாவைப் பிடித்திருக்கின்றனவா இல்லையா என்பதே தெரியாமல் போயிற்று. வியர்வை கண்ணில் இறங்கியது. கோடு, இரண்டரை, கையெழுத்து. கோடு, இரண்டரை, கையெழுத்து. விசில் இரண்டு முறை கொட்டாவி விட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

ஒரு மெல்லிய விரல் வந்து அட்டையின்மேல் நின்றது. டாக்டரின் விரல். சூப்பரண்டு குனிந்து பார்த்தார். எட்டை அடித்திருந்தார், பக்கத்தில் அழகாக மறுபடி எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்கு முந்தின அட்டையைப் புரட்டினார். அதிலும் எட்டு. அதற்கு முந்தினதிலும் எட்டு. மூன்று அட்டையை எப்போது எழுதினார் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. நினைத்து நினைத்துப் பார்த்தார். நடுவில் ஒன்றும் இல்லை.

"வெளிச்சம் சரியில்ல," என்றார்.

டாக்டர் எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினாள். பதினொரு மணி வெயில் மேசைமேல் கொட்டியது. மூன்று அட்டையையும் மறுபடி அடித்துத் திருத்தி, மிச்சமிருந்தவற்றை முடித்தார். கடைசிக் கையெழுத்துகள் கோட்டை விட்டுக் கீழே சரிந்து கிடந்தன. எவனோ கத்துக்குட்டி தன் பெயரைப் போலியாகப் போட்டிருப்பதைப்போல அவற்றை அருவருப்போடு பார்த்துவிட்டு, கட்டை விசில் பக்கம் தள்ளினார்.

"முடிவு மேலிடத்துலதான் சார். நாளைக்குள்ள சொல்லிடுவாங்க. நான் சாதகமா—"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். கணக்கு அதுல இருக்கு."

வெளியே நடைபாதைப் பெஞ்சில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். முழு வெளிச்சத்தில், வருகிறவன் போகிறவன் கண்ணெல்லாம் படுகிற இடத்தில், வாயைப் பிளந்துகொண்டு. சூப்பரண்டுக்கு உடம்பு கூசியது. அவனை உலுக்கக் கையை நீட்டினார். விரல்கள் பேனாவைப் பிடித்த வளைவிலேயே நின்றன, நீட்ட வரவில்லை. அந்தக் கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். பெஞ்சு அசைந்ததில் மகனின் தலை சரிந்து, ஒரு மூட்டை விழுவதுபோல அவர் தோளில் விழுந்தது. இவ்வளவு கனக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

இரண்டு டிரைவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு படியேறி வந்தார்கள். பெஞ்சைப் பார்த்ததும் ஒருவன் மற்றவனை முழங்கையால் இடித்தான். சூப்பரண்டு அவர்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அவர்கள் சுவரோரமாக ஒதுங்கி, குதிகால் தரையில் படாமல் நடந்து போனார்கள்.

மகனின் கடைவாயிலிருந்து எச்சில் வழிந்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் தோளில் ஒரு பொட்டாக ஊறியது. பொட்டு விரிந்து சட்டைப் பையை நோக்கி இறங்க ஆரம்பித்தது. வெதுவெதுப்பாக, அசிங்கமாக இருந்தது. சூப்பரண்டு முதுகை நிமிர்த்தி, எதிரே வெயிலில் நின்ற லாரிகளைப் பார்த்தபடி, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.